ஓசூர்ல கேட்டா பெங்களூர்ங்கறாங்க, பெங்களூர்ல கேட்டா ஓசூர்ங்கறாங்க: போதை சரக்கு விஷயத்துல ரெண்டு ஸ்டேட்டும் நெஜமாவே சேர்ந்து வேலை செய்யுதா?

சந்தாபுராக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பக்கம் சந்தாபுரால குடியிருக்கேன், வேலை பொம்மசந்திரால, சொந்த ஊர் தர்மபுரி பக்கம். மச்சினன் குடும்பம் ஓசூர் மத்திகிரில இருக்கு. என் பையன் செகண்ட் பியுசி (பன்னெண்டாவது) இங்க. அவன் காலேஜ்கிட்ட ஒரு பொட்டிக்கடை, சாயங்காலம் ஆனா பைக்கு பசங்க கூட்டம், என்ன விக்கறாங்கன்னு அந்த தெருவுக்கே தெரியும், யாரும் வாய தொறக்க மாட்டாங்க. நான் போய் ஒரு ஸ்டேஷன்ல (பேரு வேணாம்) வாய்மொழியா சொன்னேன். அதுக்கு அங்க இருந்தவர் "இதெல்லாம் ஓசூர் பக்கத்துலருந்து வருது சார், நாங்க என்ன பண்றது, அங்க சொல்லுங்க"ன்னாரு. சரின்னு மச்சினன்கிட்ட சொன்னா அவன் சிரிக்கறான், அவங்க ஏரியால ஒரு பையன் மாத்திரை கேஸ்ல மாட்டுனப்ப அங்க உள்ளவங்க "பெங்களூர் சரக்கு, எங்க கைல ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாங்களாம்.

பேப்பர்ல பாத்தா மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு மாநில அதிகாரிங்க ஆலோசனை கூட்டம்னு போட்டோ வருது, சால்வை, பொக்கே எல்லாம் இருக்கு. அந்த கூட்டத்துல பேசறது எல்லைல இருக்கற அத்திப்பள்ளி தாண்டி எங்கயாவது போய் சேருதா இல்ல போட்டோவோட முடிஞ்சிடுதா? சட்டமே ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறுமா? நான் புகார் குடுக்கணும்னா எங்க குடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அரசியல் சண்டை வேணாம் ப்ளீஸ்.

பனசங்கரி_பாய்:
சிங்கப்பூர் மாதிரி தூக்குல போடணும் அண்ணே, நாலு பேர போட்டா அஞ்சாவது ஆள் வரமாட்டான். மீட்டிங் கீட்டிங் எல்லாம் டைம் வேஸ்ட்டு.

கோர்ட்டு_வராண்டா:
பாய், தூக்கு நம்ம சட்டத்துலயும் இருக்கு, 31ஏ பிரிவு, பெரிய அளவு கேஸ்ல ரெண்டாவது தடவை மாட்டுனா. முன்ன கட்டாயமா தூக்குதான்னு இருந்துச்சு, 2011ல பாம்பே ஹைகோர்ட் அந்த 'கட்டாயம்' செல்லாதுன்னுச்சு, 2014ல சட்டத்தையே திருத்திட்டாங்க. தண்டனை கம்மின்னு யாரும் இங்க தப்பிக்கல, கேஸ் நிக்காம தப்பிக்கறாங்க. அத விடுங்க, கேள்வி கேட்டவருக்கு வர்றேன். நான் பெங்களூர்ல வக்கீல், இந்த மாதிரி கேஸ் ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன்.

மொதல்ல, சட்டம் மாறாது. என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் தடுப்பு சட்டம் 1985 மத்திய சட்டம், அத்திப்பள்ளிக்கு இந்த பக்கமும் அந்த பக்கமும் அதே செக்சன், அதே அளவு. கஞ்சான்னா 1 கிலோ வரைக்கும் சின்ன அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு. எம்டிஎம்ஏங்கற கெமிக்கல் போதைன்னா அதே கணக்கு அரை கிராம், 10 கிராம். வணிக அளவு போட்டாச்சுன்னா 10 வருஷத்துலருந்து 20 வருஷம், ஜாமீனுக்கு 37வது பிரிவு குறுக்க நிக்கும், லேசுல கிடைக்காது. அதனால சரக்கு ஏத்தி விடறவன் கணக்கு போட்டுதான் ஏத்துவான், ஒரு ஆளுக்கு 18 கிலோ 19 கிலோன்னு பிரிச்சு நாலு பேர நாலு பஸ்ல அனுப்புவான். மாட்டறவன் யாருன்னா கூலிக்கு பை தூக்குன ஒரு பையன், அவனுக்கு அனுப்புனவன் பேரும் தெரியாது வாங்கறவன் பேரும் தெரியாது, ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருக்கும்.

இப்ப பிரச்சனைக்கு வாங்க. அந்த நம்பர் வேற ஸ்டேட்ல இருக்கு. ஓசூர்ல புடிச்ச கேஸ்ல அனுப்புனவன் பெங்களூர் கேஆர் புரத்துல இருக்கான்னு வைங்க. ஓசூர்லருந்து ஒரு டீம் வரணும், இங்க லோக்கல் ஸ்டேஷனுக்கு சொல்லணும், ஆள புடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி டிரான்சிட் வாரண்ட் வாங்கி கூட்டிட்டு போகணும். பேப்பர்ல இது ரெண்டு வரி. நடக்கறப்ப வண்டி டீசல், ரூம் வாடகை, பந்தோபஸ்து டூட்டி, விஐபி வருகைன்னு இழுத்துக்கிட்டே போகும், ஒரு வாரம் கழிச்சு வந்தா நம்பர் சுவிட்ச் ஆஃப். அப்பறம் என்ன, புடிபட்ட பையன் மேல மட்டும் சார்ஜ்ஷீட். வணிக அளவு கேஸ்ல சார்ஜ்ஷீட் போட 180 நாள் டைம் குடுத்திருக்கே சட்டம், அதே இந்த மாதிரி பின்னாடி போய் ஆள புடிக்கத்தான், ஆனா அந்த டைம் எல்லாம் லேப் ரிப்போர்ட்டுக்கு காத்திருந்தே போயிடும்.

இன்னொண்ணு, தமிழ்நாட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியவேண்டிய தீர்ப்பு தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு, சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர். 67வது பிரிவுல அதிகாரி வாங்கற வாக்குமூலத்த ஒப்புதலா எடுத்துக்க முடியாதுன்னாங்க. எனக்கு அது சரியான தீர்ப்புதான், அடிச்சு எழுதி வாங்குன பேப்பர் நெறைய பாத்தாச்சு. ஆனா அதுக்கப்பறம் "இவன்தான் எனக்கு குடுத்தான்"னு ஓசூர் பையன் சொன்னது மட்டும் வச்சு கேஆர் புரத்து ஆள உள்ள வைக்க முடியாது. கால் ரெக்கார்டு, யூபிஐ பணம், லாட்ஜ் ரெஜிஸ்டர்னு வேணும். அதெல்லாம் இருக்கறது அடுத்த ஸ்டேட்ல. அப்ப கூட்டு வேலைன்னா இதுதான், அடுத்தவன் கேக்கற பேப்பர ஒரு வாரத்துக்குள்ள குடுக்கறது. சால்வை எல்லாம் அப்பறம்.

ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. நிதான்னு ஒரு டேட்டாபேஸ் என்சிபி (மத்திய போதைப்பொருள் தடுப்பு ஏஜென்சி) 2022ல கொண்டு வந்துச்சு, நாட்டுல எங்க இந்த சட்டத்துல கைதானாலும் அந்த ஆளோட விவரம் ஏறும், ஆந்திரால ஏற்கனவே மாட்டுனவனா இல்லையான்னு இங்க உக்காந்தே பாக்கலாம். என்கார்ட்னு நாலு அடுக்கு கமிட்டி, டெல்லி லெவல்ல ஆரம்பிச்சு ஜில்லா வரைக்கும். ஜில்லா கமிட்டி கூடணும்ங்கறது விதி, கூடி என்ன பேசறாங்கங்கறது அந்தந்த ஜில்லா அதிகாரியோட ஆர்வத்த பொறுத்தது.

சந்தாபுராக்காரன்:
வக்கீல் சார் ரொம்ப நன்றி. அப்ப "எங்க லிமிட் (எல்லை) இல்ல, அங்க சொல்லுங்க"ங்கற மாதிரி ஸ்டேஷன்காரர் சொன்னது சரியா தப்பா?

கோர்ட்டு_வராண்டா:
தப்பு. உங்க காலேஜ் வாசல்ல விக்கறது அவர் லிமிட்டுக்குள்ள நடக்கற குத்தம், சரக்கு காபூல்லருந்து வந்தாலும் அதேதான். லிமிட் இல்லாத விஷயமா இருந்தாலும் 2024 ஜூலைலருந்து வந்த புது சட்டம், பிஎன்எஸ்எஸ் 173, எந்த ஸ்டேஷன்லயும் தகவல பதிவு பண்ணணும்ங்குது, ஜீரோ எப்ஐஆர்னு சொல்றது. வாய்மொழியா சொல்லிட்டு வராதீங்க, எழுதி குடுங்க.

கலாசிபாளையம்_புக்கிங்:
வக்கீல் சார் கோர்ட் சைடு சொல்லிட்டாரு, நான் ரோடு சைடு சொல்றேன். முப்பது வருஷமா லாரி புக்கிங் ஆபீஸ் குடும்பம். செக்போஸ்ட் செக்போஸ்ட்னு எல்லாரும் கேக்கறாங்க, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்பவே வரி செக்போஸ்ட் எல்லாத்தையும் எடுத்தாச்சு, வண்டி நிக்காம போறதுதான் அதோட நோக்கமே. இப்ப அத்திப்பள்ளில எல்லா வண்டியும் நிறுத்தி மூட்டைய பிரிச்சா ஓசூர் சிப்காட்லருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ட்ராபிக் நின்னுடும், ஒரு கம்பெனியும் ஒத்துக்காது. அதனால துப்பு இல்லாம புடிக்கறது சும்மா கதை.

கஞ்சா எங்கருந்து வருதுன்னு பாருங்க. ஓசூர்லயும் இல்ல பெங்களூர்லயும் இல்ல. ஆந்திரா ஒடிசா பார்டர் மலை, மல்காங்கிரி, பழைய விசாகப்பட்டினம் ஏஜென்சி ஏரியா, இப்ப அல்லூரி சீதாராம ராஜு ஜில்லான்னு பிரிச்சுட்டாங்க. அங்க ஆதிவாசி ஜனங்களுக்கு வியாபாரி முன்பணம் குடுத்து போட வைக்கறான், அறுவடை ஆனதும் நர்சிபட்டினம், துனி பக்கமா எறக்கி என்எச் 16 புடிச்சுட்டா விஜயவாடா, அங்கருந்து சென்னைக்கு ஒரு கை, ராயலசீமா வழியா கோலார் பெங்களூருக்கு ஒரு கை. 2021ல ஆந்திரா போலீஸ் பரிவர்த்தனான்னு பேர் வச்சு ஆயிரக்கணக்கான ஏக்கர வெட்டி எரிச்சாங்க, நல்ல வேலைதான், இல்லன்னு சொல்லல. என்ன ஆச்சு, சாகுபடி மலைக்கு அந்த பக்கம் ஒடிசாவுக்கு நகந்துச்சு. எலி வளைய ஒரு பக்கம் மட்டும் அடச்சா அப்படித்தான். ரெண்டு ஸ்டேட்டும் ஒரே மாசத்துல ஒரே மலைய ரெண்டு பக்கமும் ஏறணும், அதோட அந்த ஜனங்களுக்கு வேற பயிருக்கு விலையும் கிடைக்கணும், காபி மிளகுன்னு குடுக்கறாங்க, ஆனா கஞ்சாவுக்கு வியாபாரி வீட்டு வாசலுக்கே வர்றான், காபிக்கு வர்றதில்ல.

ட்ரெயின் இன்னும் மோசம். தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல எத்தன தடவ சீட்டுக்கு கீழ ஆள் இல்லாத பை எடுத்திருக்காங்க, பேப்பர் பாக்கறவங்களுக்கு தெரியும். விசாகப்பட்டினத்துல ஏத்துனா விஜயவாடா, சென்னை, காட்பாடி, சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு. ஆந்திரா ரயில்வே போலீஸ் எறங்கி தமிழ்நாடு ரயில்வே போலீஸ் ஏறணும், அப்பறம் கேரளா. அந்த மூட்டைக்கு டிக்கெட்டும் இல்ல ஓனரும் இல்ல. ஆர்பிஎப்புக்கு (மத்திய ரயில்வே பாதுகாப்பு படை) 2019ல சோதனை போடற, கைது பண்ற அதிகாரம் குடுத்தாங்க பாருங்க, அது ஒண்ணுதான் உருப்படியா நடந்துச்சு, ஏன்னா அவங்களுக்கு ஸ்டேட் எல்லை கிடையாது.

பனசங்கரி_பாய்:
அப்ப நம்ம பெங்களூர் பாவம், எல்லாம் வெளியருந்து வருதுங்கறீங்க?

கலாசிபாளையம்_புக்கிங்:
சும்மா இரு குரு, பாவமாம் பாவம். கஞ்சாதான் வெளியருந்து வருது. எம்டிஎம்ஏக்கு நம்ம ஊர்தான் மொத்த கடை. எல்லைல வாளையார்லயும் முத்தங்காலயும் கேரளா போலீஸ், எக்சைஸ் புடிக்கறது முக்காவாசி இங்கருந்து போனதுன்னு அவங்களே சொல்றாங்க, மலையாளி பசங்க வீக்எண்ட் வந்து வாங்கிட்டு போறாங்க. கேரளாக்காரன் பெங்களூர திட்டறான், பெங்களூர்க்காரன் ஆந்திராவ திட்டறான், ஆந்திராக்காரன் ஒடிசாவ காட்டறான்.

மண்டபத்தான்_பிடிஎம்:
சுத்தி சுத்தி ஸ்டேட் பார்டரே பேசறீங்க, எங்க ஊருக்கு வாங்க, நாட்டு பார்டர காட்டறேன். நான் மண்டபம், இப்ப பிடிஎம் லேஅவுட்ல ஐடி கூலி. தனுஷ்கோடிலருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். கலாசிபாளையம் அண்ணன் சொன்ன அதே ஆந்திரா சரக்கு வேதாளை, வேதாரண்யம், தூத்துக்குடின்னு வந்து பைபர் படகுல ஏறி அந்த பக்கம் போகும், கூடவே பீடி இலை, கடல் அட்டை, மஞ்சள். அந்த பக்கத்துலருந்து தங்கம் வரும். கடலோர காவல் குழுமம், கியூ பிராஞ்ச் (தமிழ்நாடு போலீஸ் உளவு பிரிவு), கஸ்டம்ஸ், கோஸ்ட் கார்டு, நேவி எல்லாரும் இருக்காங்க, எல்லாருக்கும் தனி தனி ஆபீஸ்.

இங்க பக்கத்து நாடுங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. சார்க் (தெற்காசிய கூட்டமைப்பு) நாடுங்க 1990 நவம்பர்ல மாலேல கையெழுத்து போட்டது, போதைப்பொருள் மாநாட்டு ஒப்பந்தம், 1993ல அமலுக்கு வந்துச்சு. கொழும்புல தகவல் மேசைன்னு ஒண்ணும் வச்சாங்க, எட்டு நாட்டுலயும் எங்க என்ன மாட்டுதோ அங்க வந்து சேரணும். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா சார்க் தலைவருங்க கடைசியா கூடுனது 2014 காத்மாண்டுல, அதுக்கப்பறம் உச்சி மாநாடே நடக்கல, இந்தியாவும் பாகிஸ்தானும் பேசாத எடத்துல கொழும்பு மேசைல யார் என்னத்த வைப்பாங்க.

நடக்கறது ரெண்டு ரெண்டு நாடா பேசறப்பதான். 2024 நவம்பர்ல அரபிக்கடல்ல ரெண்டு இலங்கை படகுல சுமார் 500 கிலோ ஐஸ் (மெத்னு சொல்ற கெமிக்கல் போதை) புடிச்சாங்க, துப்பு குடுத்தது இலங்கை நேவி, தேடி புடிச்சது நம்ம நேவி, ஆள் படகு சரக்கு எல்லாம் இலங்கைக்கிட்ட ஒப்படைச்சாச்சு. யார் கேஸ், யார் கோர்ட்டுன்னு சண்டை இல்ல. வக்கீல் சார் சொன்ன ஓசூர் கேஆர் புரம் கதைய விட இது சீக்கிரமா முடிஞ்சிருக்கு, ரெண்டு நாடு பண்றத ரெண்டு ஜில்லா பண்ண முடியல!

அதே மாசம் அந்தமான் பேரன் தீவு பக்கம் ஒரு மியான்மர் படகுல 5,500 கிலோவுக்கு மேல மெத் புடிச்சாங்க கோஸ்ட் கார்டு. அங்க கதை வேற, மியான்மர்ல உள்நாட்டு சண்டை, சரக்கு தயாரிக்கற எடம் எல்லாம் யார் கைல இருக்குன்னே தெரியாது, நாம போன் பண்ணா அந்த பக்கம் எடுக்க ஆள் வேணும்ல. ஆப்கன்ல 2022ல தாலிபான் கசகசா சாகுபடிய தடை பண்ணுனதும் அடுத்த வருஷமே அபின்ல மியான்மர் மொதல் எடத்துக்கு வந்துடுச்சுன்னு ஐநா அறிக்கை சொல்லுச்சு.

ஒரு வருத்தம் மட்டும் சொல்லிக்கறேன். எங்க பக்கம் மீனவர் பிரச்சனை வேற, கடத்தல் வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிடறாங்க. ஒரு படகுல ஒருத்தன் கஞ்சா ஏத்துனா அடுத்த ஒரு மாசம் மீன் புடிக்க போறவன் எல்லாரையும் சந்தேகமா பாக்கறது.

ராத்திரி_ஷிப்ட்:
இவ்வளவு நேரம் புடிக்கறத பத்தியே பேச்சு. புடிச்சா மட்டும் என் வார்டு காலியாகாது. நான் நர்ஸ், போதை சிகிச்சை வார்டு, ஆஸ்பத்திரி பேரு வேணாம். கிருஷ்ணகிரி, சேலம், வாணியம்பாடி பக்கத்து புள்ளைங்க நெறைய பேர் இங்கதான் வர்றாங்க.

இப்ப எங்ககிட்ட வர்றதுல கஞ்சாவ விட பயப்பட வேண்டியது மாத்திரை. டிராமடால் 2018ல என்டிபிஎஸ்குள்ள வந்துச்சு, உடனே கடத்தறவங்க டபென்டடாலுக்கு மாறிட்டாங்க, அது வலி மாத்திரை, டாக்டர் சீட்டு வேணும்னு இருக்கு ஆனா என்டிபிஎஸ் லிஸ்ட்ல இல்ல. பசங்க தண்ணில கரைச்சு ஊசில ஏத்தறாங்க, நரம்பு எல்லாம் புண்ணு, ஒரே ஊசிய நாலு பேர், அதுல ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. இந்த மாத்திரை வேற மாநிலத்துலருந்து கூரியர்ல வருது, ட்ரக் இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டேட், போலீஸ் ஒரு ஸ்டேட், கம்பெனி மூணாவது ஸ்டேட். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு டபென்டடால் கலந்த மாத்திரை இங்கருந்து போகுதுன்னு பிபிசி 2025ல வெளிய கொண்டு வந்தப்பறம்தான் அந்த கலவைக்கு ஏற்றுமதி அனுமதிய ரத்து பண்ணாங்க.

சேர்ந்து வேலை செய்யறதுன்னா என்னைக்கேட்டா சிகிச்சைலதான் ஆரம்பிக்கணும். ஹெராயின், மாத்திரை ஊசி போடறவங்களுக்கு பியூப்ரினார்பின்னு ஒரு மருந்து, தினமும் கண்ணு முன்னாடி குடுக்கணும், மாசக்கணக்குல. இங்க ஆரம்பிச்சு நல்லா இருக்கற பையன் வேலை போச்சு, ஊருக்கு போறேன்னு தர்மபுரிக்கு போவான். அங்க புதுசா பதிவு, புது டாக்டர், இங்க எவ்வளவு டோஸ் குடுத்தோம்னு அவங்களுக்கு தெரியாது, நாலு நாள் கேப் விழுந்தா திரும்ப ஊசிதான். கேஸ் விவரத்துக்கு நிதான்னு டேட்டாபேஸ் இருக்குன்னு வக்கீல் சார் சொன்னாரு, எனக்கு ஒரே சிரிப்பு, கைதானவன் விவரம் ஸ்டேட் தாண்டி போகுது, மருந்து சாப்டறவன் சீட்டு போக மாட்டேங்குது. நாங்களே போன் போட்டு அங்க உள்ள நர்ஸ்கிட்ட பேசிதான் அனுப்பறோம், அது எங்க தனிப்பட்ட பழக்கம், ஏற்பாடு கிடையாது.

சந்தாபுரா அண்ணா, ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. எய்ம்ஸ் பண்ண தேசிய சர்வே 2019ல வந்துச்சு. அதுல பெரியவங்கள விட சின்ன பசங்க ஜாஸ்தியா பயன்படுத்தறது ஒண்ணே ஒண்ணுதான், மோந்து பாக்கற ஐட்டம். பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர். அதுக்கு பார்டரே கிடையாது, ஸ்டேஷனரி கடைல கிடைக்கும். ஓசூரா பெங்களூரான்னு பாத்துட்டு இருக்கறப்ப வீட்ல பையனோட ஸ்கூல் பேக ஒரு தடவ பாருங்க.

சந்தாபுராக்காரன்:
அக்கா கோவமெல்லாம் இல்ல. பையன் நல்லாதான் இருக்கான்னு நெனைக்கறேன், ஆனா அவன் ப்ரெண்டு ஒருத்தன் மூணு மாசமா ஆளே மாறிட்டான், கண்ணு ஒரு மாதிரி, வீட்ல காசு காணாம போகுதாம். அவங்க அப்பா எனக்கு பழக்கம், கூட்டிட்டு போனா போலீஸ் கேஸ் ஆயிடும், படிப்பு போயிடும்னு பயந்து வீட்லயே பூட்டி வச்சிருக்காரு.

ராத்திரி_ஷிப்ட்:
ஐயோ பூட்டி வைக்க சொல்லாதீங்க, எதுல மாட்டியிருக்கான்னு தெரியாம திடீர்னு நிறுத்துனா சிலதுக்கு பிட்ஸ் வரும், தூக்க மாத்திரைன்னா உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரில போலீஸ கூப்பிட மாட்டாங்க, சிகிச்சைக்கு வந்தவன் நோயாளி. நிம்ஹான்ஸ்ல போதை சிகிச்சைக்குன்னே தனி சென்டர் இருக்கு, ஓபில போய் சீட்டு போடலாம், தமிழ் பேசறவங்க இருப்பாங்க பயப்பட வேணாம். ஊர் பக்கம்னா தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல கலங்கரைன்னு மையம் தொறந்திருக்காங்க. போன்ல மொதல்ல பேசணும்னா 14446 போதை மீட்பு, 14416 டெலி மானஸ், ரெண்டும் ப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

கோர்ட்டு_வராண்டா:
சட்டப்படியும் பயம் வேணாம். 64ஏ பிரிவு இருக்கு, போதைக்கு அடிமையானவர் மேல சின்ன அளவு கேஸோ பயன்படுத்துன கேஸோ இருந்தாலும், தானா முன்வந்து அரசு இல்ல அரசு அங்கீகரிச்ச எடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்குலருந்து விலக்கு உண்டு. சிகிச்சைய பாதில விட்டா அந்த விலக்கு போயிடலாம், அதனால முழுசா முடிக்க சொல்லுங்க. அக்கா சொன்ன மாதிரி ஊர் மாறுனா இங்க குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர கைல வச்சிருக்கணும், கோர்ட்ல அந்த பேப்பர்தான் பேசும்.

பனசங்கரி_பாய்:
சரிங்க நான் தூக்கு மேட்டர வாபஸ் வாங்கல ஆனா அந்த பையனுக்கு இல்ல. வடக்க பஞ்சாப் ஹரியானா எல்லாம் சேந்து ஏதோ ஆபீஸ் போட்டாங்கன்னு படிச்சேனே, அது மாதிரி நம்ம சவுத்துல போட்டா என்ன?

கோர்ட்டு_வராண்டா:
அது 2018 ஆகஸ்ட், சண்டிகர்ல பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், டெல்லின்னு வட மாநிலங்க கூடி பஞ்ச்குலால ஒரு பொது செயலகம் வைக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, எல்லா ஸ்டேட் ஆளும் ஒரே ரூம்ல உக்காந்து தகவல் பரிமாறிக்கறதுக்கு. யோசனை எனக்கு புடிச்சது, ஏன்னா கடிதம் எழுதி பதில் வர்றதுக்கு பதிலா பக்கத்து சேர்ல கேட்டுக்கலாம். தெற்குக்கு மண்டல கவுன்சில் 1956 சட்டத்துலருந்தே இருக்கு, காவிரி கிருஷ்ணான்னு பேசியே நேரம் போயிடும். தண்ணி சண்டை போடற ஸ்டேட்டுங்க போலீஸ் விஷயத்துலயும் மூஞ்ச திருப்பிக்கும்னு சொல்வாங்க, என் அனுபவத்துல அப்படி இல்ல, இன்ஸ்பெக்டர் லெவல்ல நல்லாவே பழகறாங்க, ஓசூர் ஆளும் ஆனேக்கல் ஆளும் ஒருத்தர் நம்பர ஒருத்தர் வச்சிருப்பாங்க. ட்ரான்ஸ்பர் வந்தா அந்த நம்பரும் போயிடும், அங்கதான் அடி.

சந்தாபுராக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அந்த பையன் அப்பாகிட்ட இன்னைக்கே பேசறேன், நிம்ஹான்ஸுக்கு நானும் கூட போறேன். கடை விஷயம் கடைசியா ஒரே ஒரு டவுட்டு, எழுதி குடுத்தா என் பேர் வெளிய வருமா? பையன் அதே காலேஜ்ல இன்னும் படிக்கணும்.

கோர்ட்டு_வராண்டா:
1933ன்னு என்சிபி ஹெல்ப்லைன் இருக்கு, 2024 ஜூலைல ஆரம்பிச்சது, மானஸ்னு பேரு (அக்கா சொன்ன டெலி மானஸ் வேற, குழப்பிக்காதீங்க). பேர் சொல்லாம குடுக்கலாம், மத்திய ஏஜென்சி, ஓசூரா பெங்களூரான்னு கேக்க மாட்டாங்க. என்டிபிஎஸ் 68வது பிரிவுப்படி தகவல் யார் குடுத்தாங்கன்னு சொல்ல சொல்லி அதிகாரிய யாரும் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட்ல நான் குறுக்கு விசாரணைல கேட்டாலும் பதில் வராது. குடுக்கறப்ப "காலேஜ் கிட்ட விக்கறாங்க"ன்னு மட்டும் குடுத்தா யாரும் வரமாட்டாங்க. கடை எங்க, எத்தன மணிக்கு கூட்டம், சரக்கு கொண்டு வர்ற வண்டி நம்பர், அது டிஎன் வண்டியா கேஏ வண்டியா, எந்த கிழமை வருது, இதெல்லாம் எழுதுங்க. நீங்களா போட்டோ எடுக்கறது, பின்னாடி போறது எல்லாம் வேணவே வேணாம்.

கலாசிபாளையம்_புக்கிங்:
வண்டி நம்பர் கிடைச்சா கிழமையும் சேத்து எழுதுங்க சார், அது ரொம்ப முக்கியம். ஒரே கிழமை ஒரே நேரம் வருதுன்னா எங்கயோ லைன் வண்டில (ஒரே ரூட்ல வழக்கமா ஓடறது) ஏறி வருதுன்னு அர்த்தம், அத வச்சு எந்த பக்கத்துலருந்து வருதுன்னு அவங்களே புடிச்சுடுவாங்க.